வெண்பா எழுதும்போது தளை எங்கே தட்டுகிறது?

கேள்வி இது: “அசை, சீர், தளை எல்லாம் மனப்பாடம். ஆனால் வெண்பா எழுதிக் காட்டினால் ‘தளை தட்டுகிறது’ என்கிறார்கள். தட்டாமல் எழுதினால் ‘ஓசை இல்லை, சொல் அடைத்த மாதிரி இருக்கிறது’ என்கிறார்கள். எங்கே பிழை செய்கிறேன், எப்படிப் பழக வேண்டும்?”

தளை என்பது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறை; அந்த விதி முறிந்தால் தளை தட்டுகிறது என்பார்கள். அசை இரு வகை: நேர், நிரை. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா (நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா), நிரையில் முடிந்தால் விளம் (நேர்நிரை கூவிளம், நிரைநிரை கருவிளம்). இவற்றோடு மூன்றாவதாக நேர் சேர்ந்தால் காய், நிரை சேர்ந்தால் கனி. வெண்பாவின் தளை விதி மிகச் சிறியது. ஈரசைச் சீரில் மாவில் முடிந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும், விளத்தில் முடிந்தால் நேரில் தொடங்க வேண்டும். மூவசைச் சீர் காய்ச்சீராக மட்டுமே இருக்கலாம். அதன் பின் நேர். அவ்வளவுதான். இதை யாரும் மறப்பதில்லை. தளை தட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம், அதற்கு முந்தைய படியில், அசை பிரிப்பதில் நேர்ந்த தவறு. எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அசையை இடமிருந்து வலமாகப் பிரிக்க வேண்டும். குறில் வந்தால் உடனே நிற்கக் கூடாது. அடுத்த எழுத்தைப் பார்க்க வேண்டும். அடுத்தது ஒற்று என்றால் அந்த ஒற்றோடு நேர் முடிந்தது. அடுத்தது இன்னொரு குறிலோ நெடிலோ என்றால் இரண்டும் சேர்ந்து நிரை. அதன் பின் ஒற்று வந்தால் அதுவும் அந்த நிரைக்குள் அடங்கும். ‘கடல்’ என்பது ஒரே நிரை. அதை ‘க/டல்’ என்று இரண்டு நேராகப் பிரிப்பது தொடக்கநிலைப் பிழை. நெடில் வந்தால் அது தனியாகவோ ஒற்றோடு சேர்ந்தோ நேர். ‘வாழ்க்கை’யில் வரும் ‘ழ்க்’ போல இரண்டு ஒற்று அடுத்தடுத்து வந்தாலும் ஓர் ஒற்றின் கணக்குத்தான். ஆய்தத்தையும் ஒற்றாகக் கொள்ளுங்கள்.

ஐகாரத்தில் கவனம் வேண்டும். சொல்லின் முதலில் வரும் ஐகாரம் நெடில் போல நேராக நிற்கும்: ‘வையம்’ என்பது வை/யம், தேமா. இடையிலும் கடையிலும் அது குறுகிக் குறிலாகிவிடும். ‘யானைகளும்’ என்பதை யா/னை/களும் என்று பிரித்தால் தேமாங்கனி, வெண்பாவுக்கு ஆகாது. சரியான பிரிப்பு யா/னைக/ளும். அது கூவிளங்காய், தாராளமாக வரலாம். ‘பாடங்களும்’ என்பதில் இந்தச் சலுகை இல்லை: பா/டங்/களும், தேமாங்கனியேதான். ‘வந்தவர்களும்’ என்பதும் வந்/தவர்/களும், கூவிளங்கனி. உரைநடையில் நம் கை தானாக எழுதும் ‘-களும்’, ‘-களுடன்’ போன்ற ஈறுகள்தான் வெண்பாவுக்குள் கனியையும் நாலசையையும் கொண்டு வருபவை. ‘நண்பர்களுடன்’ என்பது நண்/பர்/களு/டன், நாலசை. ‘நண்பரொடு’ என்று மாற்றினால் நண்/பரொ/டு, கூவிளங்காய். பொருளும் குறையவில்லை.

அடுத்தது புணர்ச்சி. மிக அதிகமாகத் தட்டும் இடம் இதுதான். திரையில் தட்டச்சு செய்து பழகியவர்களுக்கு இன்னும் அதிகம். ‘பாட்டு எழுது’ என்று இரு சீர் எழுதுகிறீர்கள். பாட்/டு தேமா, எழு/து புளிமா, மாமுன் நிரை (மாவை அடுத்து நிரை), தளை சரி என்று தோன்றும். ஆனால் வாய்விட்டுச் சொன்னால் ‘பாட்டெழுது’ என்றுதான் வரும். ‘டு’வில் உள்ள குற்றியலுகரம் உயிருக்கு முன் ஓடிவிட்டது. இப்போது மிஞ்சுவது பாட்/டெழு/து என்ற ஒரே கூவிளங்காய். இரண்டு சீர் என்று நினைத்தது ஒன்றாகிவிட்டது, அடியில் ஒரு சீர் குறைகிறது. இதற்கு மருந்து எளிது: ‘பாட்டை யெழுது’. ஐகாரம் ஓடாது, யகர உடம்படுமெய் வந்து நிற்கும், தேமா, புளிமா இரண்டும் பத்திரம். ஆகவே கு, சு, டு, து, பு, று என்று முடியும் சொல்லுக்குப் பின் உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லை வைத்தால், சேர்த்து எழுதிப் பார்த்த பிறகே அலகிடுங்கள், அதாவது அசையும் சீரும் பிரித்துக் கணக்கிடுங்கள்.

மெய்யில் முடியும் சொல்லும் உயிரில் தொடங்கும் சொல்லும் இரு வேறு சீர்களில் நின்றால், சேர்த்தாலும் கணக்கு மாறாது: ‘பாடல் அவள்’ என்றாலும் ‘பாட லவள்’ என்றாலும் தேமாவும் நிரையும்தான். ஒரே சீருக்குள் நின்றால் மாறும். ‘பாடல்அது’ என்று பிரித்துக் கணக்கிட்டால் பா/டல்/அது, தேமாங்கனி. சேர்த்தால் பாடலது: பா/டல/து, கூவிளங்காய். முதலில் பிழையாகத் தெரிந்தது உண்மையில் பிழையே அல்ல. யாப்பைச் சோதிக்கும் ‘அவலோகிதம்’ போன்ற மென்பொருள்கள் பெரிய உதவிதான், ஆனால் எந்தக் கருவியும் நீங்கள் இட்ட எழுத்தைத்தான் எண்ணும். புணர்த்தி எழுதிவிட்டுக் கொடுங்கள்.

இப்போது ஓர் உரைநடைக் கருத்தை எடுத்துக் குறள் வெண்பாவாக்கிப் பார்ப்போம். குறள் வெண்பாவுக்கு முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று சீர், ஆக ஏழு. முதல் வரைவு இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

மண்ணில் மழைபெய்தால் உலகம் கண்விழிக்கும்
விவசாயிகளின் கண்ணீரும் காயும்

அலகிடுவோம். மண்/ணில் தேமா, மழை/பெய்/தால் புளிமாங்காய், மாமுன் நிரை, சரி. அடுத்து உல/கம், புளிமா. காய்முன் நிரை வந்துவிட்டது. அது கலித்தளை, முதல் தட்டு. புளிமாவுக்குப் பின் கண்/விழிக்/கும்; மாமுன் நேர், ஆசிரியத்தளை, இரண்டாம் தட்டு. கவனியுங்கள்: இரண்டு தட்டும் ‘உலகம்’ என்ற ஒரே சொல்லின் இரு புறத்திலும் இருக்கின்றன. அந்தச் சொல்லை மட்டும் மாற்றினால் போதும். அங்கே தேவை நேரில் தொடங்கி, விளத்திலோ காயிலோ முடியும் சொல். ‘மாநிலமே’: மா/நில/மே, கூவிளங்காய். இரு தட்டும் ஒருசேர நீங்கின. கூடவே மண்–மழை–மா என்று மோனையும் வந்து சேர்ந்தது. இப்படி இரு பக்கமும் தட்டும் நடுச்சொல்லைக் கண்டுபிடித்துவிட்டால் திருத்தத்தின் பெரும்பகுதி முடிந்துவிடும். முழு அடியையும் கலைத்து எழுதுவது வீண் உழைப்பு.

இரண்டாமடியில் நோய் வேறு. விவ/சா/யிக/ளின் நாலசை, வெண்பாவில் இடமே இல்லை. கடைசிச் சீர் ‘காயும்’ என்பது கா/யும், தேமா. ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அதாவது ஒரு நேர், அல்லது ஒரு நிரை, அல்லது அவற்றோடு ஒட்டிய ஒரு குற்றியலுகரம். ‘காசு’வும் தேமாவும் கணக்கில் நேர்நேர் போலத் தெரிவதால் பலரும் ‘கண்ணே’, ‘வானம்’ என்று முடித்துவிடுகிறார்கள், அவை ஆகா. ‘பாட்டு’, ‘காற்று’ ஆகும். ‘வாழ்வு’, ‘கதவு’ போன்றவற்றில் இருப்பது முற்றியலுகரம். முன்னோர் அருகிக் கையாண்டிருக்கிறார்கள் என்றாலும், பழகுபவர் தவிர்ப்பது நல்லது.

எதுகையும் இல்லை. ‘மண்’ணுக்கு எதுகையாகக் ‘கண்ணீர்’ அடுத்த சீரில் காத்திருக்கிறது. அதை முன்னே கொண்டு வந்தால் போதும். ‘விவசாயிகளின்’ என்பதை எப்படிச் சுருக்குவது? ‘உழவர்’ என்று மாற்றலாம். ஆனால் அந்தச் சொல்லே வேண்டாம் என்பேன். ‘களம்’ என்ற ஒரு சொல் போதும், யாருடைய கண்ணீர் என்பது தானே விளங்கும்:

மண்ணில் மழைபெய்தால் மாநிலமே கண்விழிக்கும்
கண்ணீரும் காயும் களத்து

தேமா, புளிமாங்காய், கூவிளங்காய், கூவிளங்காய். தேமாங்காய், தேமா, பிறப்பு. அடி மாறும் இடத்திலும் தளை பார்க்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்: கண்விழிக்கும் என்ற காய்க்குப் பின் கண்ணீரும் நேரில் தொடங்குகிறது. ஈற்றுச்சீருக்கு முன்னும் அதே விதி: மாவுக்குப் பின் மலரோ பிறப்போ, விளத்துக்கும் காய்க்கும் பின் நாளோ காசோ.

தளைக்கு ஏற்பச் சொல் மாற்றுவதற்குக் கையிருப்பு வேண்டும். உலகத்தைக் குறிக்கவே பார் என்றால் நேர், புவி என்றால் நிரை, பூமி, ஞாலம், வையம் தேமா, உலகம், தரணி புளிமா, மாநிலம் கூவிளம். வினைச்சொல் இன்னும் வளையும்: வந்தான் தேமா, வந்தனன் கூவிளம், வந்திட்டான் தேமாங்காய், வந்துவிட்டான் கூவிளங்காய். ‘காலம்’ தேமா, ‘காலமே’ கூவிளம், ‘காலமெல்லாம்’ கூவிளங்காய். இரண்டு சிறு சொல்லை ஒரே சீராக்குவதும் ஒரு வழி: ‘வந்து’, ‘நின்று’ என்று இரு சீராக வைத்தால் மாமுன் நேர், தட்டும், ‘வந்துநின்று’ என்று ஒரு சீராக்கினால் வந்/துநின்/று, கூவிளங்காய். ‘நான்’ போன்ற ஓரசைச் சொல்லை ஈற்றில் அல்லாமல் தனிச்சீராக வைக்க முடியாது. ‘நானதை’ என்று அடுத்த சொல்லோடு சேர்த்துக் கூவிளமாக்குங்கள். இன்றைய சொற்கள் வெண்பாவுக்கு ஒத்துவராது என்ற அச்சம் தேவையில்லை. கணினி புளிமா, பேருந்து, மின்சாரம் இரண்டும் தேமாங்காய், தொலைபேசி புளிமாங்காய். எல்லாமே உள்ளே வரும்.

தொடையில், அதாவது எதுகை மோனையில், இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது. முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். ‘மண்ணில்’ என்பதற்குக் ‘காணும்’ எதுகையாகாது. ஒன்று குறில், மற்றது நெடில். ‘பண்பு’ எதுகையாகும், ‘கண்ணீர்’ இன்னும் இனிக்கும், ஏனென்றால் மூன்றாம் எழுத்தின் மெய்யும் ஒன்றுகிறது. மோனையைக் கண்ணால் பார்த்து வைப்பது இரண்டாவது பிழை. ‘மண்’, ‘மின்னல்’ இரண்டும் மகரம்தான். ஆனால் மோனை இல்லை, உயிர் வேறு. அ ஆ ஐ ஔ ஓர் இனம், இ ஈ எ ஏ ஓர் இனம், உ ஊ ஒ ஓ ஓர் இனம். மெய்யில் ச–த, ஞ–ந, ம–வ இனம். ஆகவே ‘மண்’ணுக்கு ‘வானம்’ மோனையாகும். முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும் மோனை அமைந்தால், அதாவது பொழிப்பு மோனை இருந்தால், நாற்சீர் அடி நடுவில் அழகாக மடிந்து நிற்கும்.

நேரிசை வெண்பாவுக்குப் போவோம். நான்கு அடி, முதல் மூன்றில் நந்நான்கு சீர், ஈற்றடியில் மூன்று. இரண்டாமடியின் நான்காம் சீர் தனிச்சொல். அது முதலிரண்டு அடிகளின் எதுகையைப் பெற வேண்டும். பின்னிரண்டு அடிகள் அதே எதுகையையோ வேறோர் எதுகையையோ கொள்ளலாம். தனிச்சொல் இல்லாவிட்டால் பெரும்பாலும் இன்னிசை வெண்பா. மூன்றடி என்றால் சிந்தியல், 5 முதல் 12 வரை பஃறொடை, அதற்கு மேல் கலிவெண்பா. இவற்றில் தளை விதி மாறாது. ஒன்று கைவந்தால் மற்றதும் வரும்.

எழுதத் தொடங்குவது ஈற்றடியிலிருந்து. இது பழைய பழக்கம்தான். ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வதும் அதனால்தான். மூன்று சீரில் முடிவு உறுதியாகிவிட்டால் மேலே உள்ள அடிகள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது தெரியும். முதலடியிலிருந்து எழுதுபவர்கள் மூன்றாமடியிலேயே கருத்தைத் தீர்த்துவிட்டு, கடைசி மூன்று சீரை எதையாவது இட்டு நிரப்புகிறார்கள். வெண்பாவின் அழுத்தம் விழும் இடம் ஈற்றடி; அது மெலிந்தால் மேலே எவ்வளவு அழகிருந்தும் பயனில்லை. உதாரணத்துக்கு ஈற்றடியை ‘ஒருதுளி ஊட்டும் உயிர்’ என்று வைக்கலாம். கருவிளம், தேமா, மலர். ஒ–ஊ–உ மூன்றும் மோனை. இதற்கு எதுகை ‘ரு’. மூன்றாமடிக்குப் ‘பருகி’ பொருந்தும். ஈற்றடி நிரையில் தொடங்குவதால் மூன்றாமடி மாச்சீரில் முடிய வேண்டும், ‘வானின்’ தேமா. இப்படிக் கீழிருந்து மேலே ஏறினால்:

சின்னஞ் சிறுவிதையும் சேற்றில் கிடந்ததுகாண்
மின்னல் வெடித்திட மேகநீர் – தன்னைப்
பருகிச் சிலிர்த்துப் படர்ந்ததே வானின்
ஒருதுளி ஊட்டும் உயிர்

தளை எங்கும் தட்டவில்லை. ஆனாலும் இதை நல்ல வெண்பா என்று ஏற்க மாட்டேன். முதலடியின் ‘காண்’ எதற்கு? சீரை நிரப்ப மட்டும். ‘ஓசை இல்லை, சொல் அடைத்த மாதிரி இருக்கிறது’ என்று உங்களிடம் சொன்னவர்கள் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். காண், அன்றோ, தானே, ஆங்கே ஆகியவை கணக்கைக் காப்பாற்றும், வரியை மந்தமாக்கும். அதோடு ‘கிடந்தது’ என்ற வினைமுற்று முதலடியிலேயே வாக்கியத்தை வெட்டிவிடுகிறது. அதே கருவிளங்காயில் ‘கிடந்துறங்கி’ (கிடந்/துறங்/கி) என்று வைத்துப் பாருங்கள்:

சின்னஞ் சிறுவிதையும் சேற்றில் கிடந்துறங்கி
மின்னல் வெடித்திட மேகநீர் – தன்னைப்
பருகிச் சிலிர்த்துப் படர்ந்ததே வானின்
ஒருதுளி ஊட்டும் உயிர்

இப்போது விதை உறங்குகிறது, மின்னல் வெடிக்கிறது, பருகுகிறது, சிலிர்க்கிறது, படர்கிறது. மூன்றாமடியின் மூன்றாம் சீர்வரை ஒரே மூச்சு. ‘தன்னை’ என்ற தனிச்சொல் இன்னும் சற்று இளைத்துத்தான் நிற்கிறது. நேரிசையில் மிகக் கடினமான இடம் அதுவே. எதுகைக்காக என்னை, தன்னை, முன்னே, பின்னே என்று கைக்கு எட்டியதை வைக்காமல், அந்த இடத்துக்கு வாக்கியத்தின் திருப்பத்தையே கொண்டு வர முடிந்தால் பாட்டு எழுந்து நிற்கும்.

ஓசையைப் பற்றி இன்னும் ஒரு சொல். வெண்பாவின் ஓசை செப்பலோசை. ஒருவர் எதிரே நின்று எடுத்துச் சொல்வது போன்றது. முழுக்க ஈரசைச் சீர்களாலேயே எழுதினால் தூங்கிசைச் செப்பல், முழுக்கக் காய்ச்சீர் என்றால் ஏந்திசைச் செப்பல், இரண்டும் கலந்தால் ஒழுகிசைச் செப்பல். பழகுபவர்களின் வெண்பாவில் காய்ச்சீர் மிகுந்துவிடுவதைப் பார்க்கலாம்; ஏனென்றால் காய்க்குப் பின் நேர் என்ற விதி எளிது, நீளமான சொற்களும் அடங்கிவிடும். ஆனால் அடிதோறும் நான்கும் காயாக வந்தால் ஒரே பளுவாக நடக்கும். அடிக்கு ஒன்றிரண்டு மாவும் விளமும் கலந்து பாருங்கள். மேலே உள்ள குறளின் முதலடியில் மூன்று காய் இருக்கின்றன. இரண்டாமடி ‘காயும் களத்து’ என்று சட்டெனக் குறுகுவதால்தான் அது தாங்குகிறது. இன்னொன்று விளாங்காய்: மூவசைச் சீரின் நடு நிரை, குறிலும் நெடிலுமாக வருவது. ‘பொன்னிலாவில்’ (பொன்/னிலா/வில்) போன்ற சீர் வாய்பாட்டுக்கு ஒத்தாலும் நடுவில் இழுத்து ஓசையை முறிக்கும். வெண்பாவில் தவிர்த்துவிடுங்கள்.

பழகும் முறை: முதல் மாதம் எழுத வேண்டாம், அலகிடுங்கள். திருக்குறளின் 1330 பாக்களும் குறள் வெண்பாதான். நாளுக்கு ஐந்து குறள், ஏழேழு சீர், தாளில் கையால் பிரித்து வாய்பாடு எழுதுங்கள். சீர் பிரித்து அச்சிட்ட பதிப்பையே எடுங்கள். சந்தி பிரித்த பதிப்பில் அலகிட்டால் மேலே சொன்ன குற்றியலுகரக் குழப்பம் வரும். நேரிசைக்கு ஔவையாரின் மூதுரையும் நல்வழியும் போதும். மொழி எளிது, தனிச்சொல் எப்படி வேலை செய்கிறது என்பதும் தெளிவாகத் தெரியும். விதிகளுக்கு மூலம் வேண்டுமானால் அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகையைக் குணசாகரர் உரையோடு படியுங்கள்.

அதன் பின் எழுதும்போது வரிசை இதுவாக இருக்கட்டும்: சொல்ல வந்ததை ஒரு வாக்கியத்தில் உரைநடையாக எழுதுங்கள், அதிலிருந்து ஈற்றடியை எடுங்கள், எதுகைக்குப் பத்துச் சொல் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், அடிகளை நிரப்புங்கள், புணர்த்தி எழுதி அலகிடுங்கள், தட்டும் இடத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள், கடைசியாக, எடுத்துவிட்டால் பொருள் குறையாத சொல் எதுவென்று பார்த்து அதை நீக்கி, அந்தச் சீருக்குப் பொருள் சுமக்கும் சொல்லைத் தேடுங்கள். அந்தக் கடைசித் தேடலுக்குத்தான் நேரம் அதிகம் ஆகும். ஒரு வெண்பாவுக்கு அதில் இரண்டு நாள் போனாலும் பரவாயில்லை.